மரத்தின் பூர்வீகம் கேளுங்கள்: ஒரு மரவாடிக்காரரின் திறந்த மடல்

பெறுநர்:
ஒன்றிய வணிகத் துறை அமைச்சகம்,
ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம்,
புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

செங்கோட்டையில் மூன்று தலைமுறையாக மரவாடி வைத்திருக்கிறோம். பின்னால் ஒரு சிறிய வாள்பட்டறையும் உண்டு. இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு மரத்தூள்தான் சோறு போடுகிறது. மந்திரிகளுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஒரு ஆசாரி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான் என்று யோசித்தபோது புரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தை மாதம் ஒரு டீச்சர் வீட்டு வாசல் நிலைக்கு மரம் எடுக்க வந்தார். கூடவே எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆசாரி. உருட்டு மரத்தடியை விரல் மடக்கித் தட்டினார், அறுவை முகத்தை மோந்து பார்த்தார், வெளிப்புற வெள்ளை எவ்வளவு விழும், உள்ளே வைரம் எவ்வளவு நிற்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, “முதலாளி, இது எந்தக் காட்டு மரம்?” என்றார்.

“கானா தேக்கு” என்றேன்.

“நாட்டைக் கேக்கல. காட்டைக் கேட்டேன்” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. நிலைக்கு மரம் தேர்ந்தெடுப்பது நம் ஆசாரிகளுக்குச் சம்பந்தம் பேசுவது மாதிரி. இடி விழுந்த மரம் ஆகாது, சுடுகாட்டு மரம் ஆகாது, கோயில் மரம் ஆகாது, தானாகப் பட்டுப்போன மரம் ஆகாது. எங்கே நின்றது, எப்படி விழுந்தது என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துகிற மரத்துக்குப் பூர்வீகம் கேட்காமல் இருப்பார்களா?

ஆசாரி போன பிறகு அந்தச் சரக்கின் ஃபைலை எடுத்துப் புரட்டினேன். இன்வாய்ஸ் இருந்தது. பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங் இருந்தன. கானா நாட்டுச் சரக்கு என்று ஒரு சான்று. பூச்சி, வண்டு, பூஞ்சை இல்லை என்று அந்த நாட்டு வேளாண் அதிகாரியின் சான்று. பூச்சி சாக மருந்துப் புகை போட்டதற்குத் தனியாக ஒரு சான்று. அது இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி தடி தூத்துக்குடியிலேயே நின்றுவிடும். ஆக, ஒரு வண்டு இந்தியாவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்கு ஆணை இருக்கிறது. அந்த மரம் யாருடைய நிலத்தில் நின்றது, வெட்ட யார் அனுமதி கொடுத்தது, அனுமதி இருந்ததா இல்லையா என்று கேட்கிற கட்டம் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. ஆசாரி கேட்ட ஒரே கேள்வியை அரசாங்கம் கேட்கவே இல்லை.

என் மரவாடிக்குள் ஒருமுறை நடந்து பார்த்தால் உலக மர வியாபாரமே தெரிந்துவிடும். வாசல் பக்கம் நியூசிலாந்து பைன். மெத்தைக்கடைக்காரர்களும் பேக்கிங் பெட்டி செய்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். கலிபோர்னியாக் கடற்கரையில் ஒரு மூலையில் தானாக வளர்ந்த ரேடியாட்டா பைனை அந்த நாட்டுக்காரர்கள் கொண்டுபோய்த் தோட்டம் போட்டார்கள். ஏறக்குறைய 28 வருடத்தில் வெட்டுகிறார்கள், மறுபடி நடுகிறார்கள். ஊசியிலை மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதில் இன்று உலகத்தில் முதலிடம் அவர்களுக்குத்தான், பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. பூச்சி கொல்லப் போடுகிற மெதில் புரோமைடு புகை விஷயத்தில் அங்கே கட்டுப்பாடு வந்து நமக்கு வரத்து குறைந்தபோது, உருகுவே பைன் அந்த இடத்துக்கு வந்தது. இரண்டுக்கும் என் வாளுக்கு வித்தியாசம் தெரியாது.

அதற்கடுத்து ‘மலேசியன் சால்’ என்று நாங்கள் விற்கிற கெட்டி மரம். நம் வடநாட்டுச் சால் மரத்துக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம்தான், பெயரை வியாபாரிகள் வைத்தார்கள். அப்புறம் தேக்கு. கானா, ஈக்வடார், தான்சானியா, கோஸ்டாரிகா என்று சுண்ணாம்பிலும் பெயின்டிலும் எழுதிய தடிகள். தேக்கு தானாக விளைந்த நாடுகள் நான்கே நான்குதான்: இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ். மற்ற இடங்களில் எல்லாம் நட்டு வளர்த்தது. தேக்குத் தோட்டம் போடுகிற வித்தையை உலகத்துக்குக் காட்டியதே 1840களில் கேரளத்து நிலம்பூரில், இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம். அந்த நிலம்பூர் நாட்டுக்கு இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் தேக்கு கப்பலில் வருகிறது. உலகச் சந்தைக்கு வருகிற தேக்குத் தடியில் பெரும்பங்கை வாங்குவது நாம்தான்.

மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே, விலை சொல்ல நானே கொஞ்சம் தயங்குகிற சரக்கு ஒன்று இருக்கும். அதுதான் பர்மா.

பர்மாத் தேக்கு என்றால் தமிழர்களுக்குத் தனி மரியாதை. காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளின் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி காட்டிலிருந்து எடுத்த தடியின் கணக்கைக் குறைத்துக் காட்டிவிட்டது என்று சொல்லி, பர்மா அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதைச் சாக்கு வைத்து அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷார் படையெடுத்தார்கள். ராஜ்யம் போனது. மன்னர் திபாவைக் கப்பலில் ஏற்றி முதலில் சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு ரத்னகிரியில் வைத்தார்கள். எத்தனை தடி வெட்டினாய், கணக்கு எங்கே என்று கேட்டதற்கு ஒரு அரசன் கொடுத்த விலை அது.

அதே பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் வியாபாரத்தில் இருந்த பரபரப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடை மாதிரி. அதன்பின் தடி நின்றது, நாலு பக்கமும் சீவிய சதுரக் கட்டையாக வர ஆரம்பித்தது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அந்த நாட்டு மரத்துக்கெல்லாம் சொந்தக்காரரான மியான்மர் மர நிறுவனத்தின் மீது அமெரிக்கா ஏப்ரலிலும் ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிலும் தடை போட்டன. நாம் போடவில்லை. அந்தக் காசு துப்பாக்கிக்குப் போகிறதா, பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா என்று கேட்க நமக்கு ஒரு படிவம்கூட இல்லை. நானும் வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை. சட்டப்படி அதில் தப்பு இல்லை. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஒரு நாடு காட்டை அடைத்தால் வாள் ஓய்வெடுக்காது, பக்கத்து நாட்டுக்குப் போகும். தாய்லாந்தில் 1988 நவம்பரில் தெற்கே வெள்ளம் வந்தது. மலையிலிருந்து மண்ணோடு வெட்டிப்போட்ட தடிகளும் உருண்டு வந்து ஊர்களை அழித்தன. அடுத்த ஜனவரியிலேயே காட்டுமரம் வெட்டத் தடை. நல்ல காரியம். ஆனால் தாய்லாந்துக் கம்பெனிகள் உடனே எல்லையைத் தாண்டி பர்மாக் காட்டுக்குள் குத்தகை எடுத்தன. சீனாவில் 1998இல் யாங்சே நதி வெள்ளம். இயற்கைக் காட்டில் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டே வந்து 2017க்குள் வியாபார வெட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் சீனத் தொழிற்சாலைகள் நிற்கவில்லையே! தடி இறக்குமதியில் உலகில் முதலிடம், பிளைவுட் செய்வதில் முதலிடம், மரச்சாமான் ஏற்றுமதியில் முதலிடம். அதற்கான மரம் ரஷ்யாவிலிருந்தும், பப்புவா நியூகினியிலிருந்தும், சாலமன் தீவுகளிலிருந்தும், ஆப்பிரிக்காவிலிருந்தும் போகிறது.

சாலமன் தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சின்ன நாட்டின் ஏற்றுமதியில் வெகுகாலம் பெரிய இனமாக இருந்தது மரத்தடிதான். காடு தாங்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அங்கே வெட்டிவிட்டார்கள். பப்புவா நியூகினியில் ‘விவசாய வணிகக் குத்தகை’ என்ற பெயரில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பழங்குடி நிலம் கைமாறியது. பாமாயில் தோட்டம் போடப்போவதாகச் சொல்லி மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டு அரசே 2011இல் விசாரணைக் கமிஷன் வைத்தது. நிலத்துக்காரர்களிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கிய குத்தகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தெரிந்தது. அதற்குள் தடிகள் கப்பலேறியிருந்தன. லைபீரியாவின் கதை இன்னும் மோசம். அந்நாட்டு அதிபராக இருந்த சார்லஸ் டெய்லர் மரத்தை விற்று ஆயுதம் வாங்குகிறார் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2003 முதல் 2006 வரை அந்த நாட்டு மரத்துக்கே தடை போட்டது.

எல்லாரும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் வெட்டினால் திரும்ப நட்டே தீர வேண்டும் என்று 1903லேயே சட்டம் போட்டார்கள். இன்று பலகை ஏற்றுமதியில் கனடா, ரஷ்யா, ஜெர்மனி, பின்லாந்தோடு முன்வரிசையில் நிற்கிறார்கள். இந்தோனேசியா 1985இல் தடி ஏற்றுமதியை நிறுத்திப் பிளைவுட் நாடாக மாறியது. நடுவில் காட்டை அழித்த பழியும் அதற்கு நிறைய உண்டு. ஆனாலும் இப்போது எந்த நாட்டுக்கு மரப்பொருள் அனுப்பினாலும் சட்டப்பூர்வமானது என்ற சான்றோடுதான் அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். காபோன் 2010இல் தடியை வெளியே விடமாட்டேன், இங்கேயே அறுத்து வேலை கொடு என்றது. வியட்நாமோ காடு பெரிதாக இல்லாமலேயே வருஷத்துக்கு 1,600 கோடி டாலர் அளவுக்கு மரப்பொருள் விற்கிறது, பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. ரஷ்யா 2022 ஜனவரியில் அறுக்காத பைன், ஸ்ப்ரூஸ் தடிகளையும் விலை உயர்ந்த கெட்டி மரத் தடிகளையும் நிறுத்தியது. இரண்டு மாதத்தில் உக்ரைன் போர், அதன்பின் ஐரோப்பா ரஷ்ய மரத்தையே நிறுத்தியது. உடனே பிர்ச் பிளைவுட் கஜகஸ்தான், துருக்கி என்று வேறு பெயரில் கிளம்பியது. மரம் சும்மா இருக்காது, பாஸ்போர்ட் மாற்றிக்கொள்ளும்.

கனடாவும் அமெரிக்காவும் 1980களிலிருந்து பலகைக்காகச் சண்டை போடுவது இன்னொரு கூத்து. கனடாவில் காடு பெரும்பாலும் அரசாங்கத்துடையது. மரம் வெட்டும் உரிமைக்கு அரசு வாங்கும் தொகை குறைவு, அது மறைமுக மானியம் என்பது அமெரிக்க மில்காரர்களின் வாதம். 2025 கடைசியில் எல்லா வரியும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. நாற்பது வருடமாக அந்த மரம் யாருடையது, எந்த விலைக்கு வெட்டினாய் என்று ஒருவரையொருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணத்துக்காகக் கேட்கிறார்கள் என்றாலும், கேட்கிறார்கள் அல்லவா?

சரி, நம் கதைக்கு வருகிறேன். என் தாத்தா காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தோம். அச்சன்கோவில், தென்மலைக் காடுகளில் கூப்பு, அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதி, ஏலம் எடுத்து மரம் கொண்டுவந்தார். எந்தச் சரிவு, எந்த ஓடைக்கரை என்று மரத்தைப் பார்த்தே சொல்வார். ஓடைக்கரைத் தேக்கு சீக்கிரம் பருக்கும், வைரம் குறைவு என்பார். அப்பா காலத்தில் காடு அடைபட்டது. 1988 தேசிய வனக் கொள்கை, 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. எங்கள் தொழிலில் அந்த உத்தரவைத் திட்டாதவர்கள் இல்லை. அப்பாவும் திட்டினார். இன்று அந்த மலையைப் பார்க்கும்போது, குற்றால அருவியில் தண்ணீர் விழும்போது, திட்டியது தப்பு என்றுதான் தோன்றுகிறது. நம் காட்டைக் காப்பாற்றினோம். ஆனால் தாய்லாந்தும் சீனாவும் செய்ததைத்தான் நாமும் செய்தோம். வீடு கட்டுவதை நிறுத்தவில்லை, வாளை வேறு நாட்டுக்கு அனுப்பினோம். குஜராத்தில் காண்ட்லாத் துறைமுகத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மில்கள் முளைத்தன, தெற்கே தூத்துக்குடி வழியாக எங்களுக்கு வந்தது. தடியாக வந்தால் வரி குறைவு, அறுத்து வந்தால் அதிகம் என்று நீங்களும் அதற்கு வழிவிட்டீர்கள்.

வாங்குகிற நாடு கேள்வி கேட்காவிட்டால் விற்கிற நாட்டில் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். செம்மரம் இருக்கிறதே! சேஷாசலம் மலையில் வெட்டி, துறைமுகம் துறைமுகமாகக் கடத்தி, கடைசியில் சீனத்தில் கட்டிலாகவும் நாற்காலியாகவும் ஆகிறது. 2015 ஏப்ரலில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். எல்லாரும் நம்மூர்க் கூலிக்காரர்கள், திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தவர்கள் உள்பட. வாங்கியவன் வீட்டுக் கூடத்தில் அந்த நாற்காலி பளபளவென்று இருக்கும். அவனிடம் யாராவது, இது எந்தக் காடு என்று கேட்டார்களா? அந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம், பர்மாவுக்கும் சாலமனுக்கும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அமெரிக்கா தன் பழைய லேசி சட்டத்தை 2008இல் மரத்துக்கும் நீட்டியது. எங்கோ ஒரு நாட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத்தை அமெரிக்காவில் விற்றால் அங்கே குற்றம். லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய கம்பெனி, ரஷ்யத் தூரக்கிழக்கில் புலி வாழும் காட்டில் வெட்டிய ஓக் மரம், சீனாவில் தரைப்பலகையாகி வந்ததை விற்றதற்காக 2016இல் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. ஐரோப்பாவில் 2013 மார்ச் முதல் ஒரு சட்டம், அதைவிடக் கடுமையாக 2023இல் இன்னொன்று. நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை கேட்கிறார்கள். அமலுக்கு வரும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆஸ்திரேலியா 2012இல், ஜப்பான் 2017இல், தென்கொரியா 2018இல் தங்கள் தங்கள் வழியில் ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் சீனா. 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் திருத்திய வனச் சட்டத்தில், சட்டவிரோதமாக வந்த மரம் என்று தெரிந்தே வாங்கக் கூடாது, சரக்கு எங்கிருந்து வந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று மில்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. எவ்வளவு நடக்கிறது என்று கேட்காதீர்கள். எழுத்திலாவது இருக்கிறது. நம்மிடம் எழுத்தில்கூட இல்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஜோத்பூரிலும் சகாரன்பூரிலும் செய்து வெளிநாட்டுக்குப் போகிற நாற்காலிக்கு, இது முறையான மரம் என்று தாள் தயார் செய்கிறோம். அதற்காகக் கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு ‘விருக்ஷ்’ என்று ஒரு சான்றுத் திட்டமே வைத்திருக்கிறது. ஜெர்மன்காரன் உட்காருகிற நாற்காலிக்குப் பூர்வீகம் உண்டு. என் ஊர் டீச்சர் வீட்டு நிலைக்கு இல்லை.

அடுத்தது நம் விவசாயி. புளியரைப் பக்கம் ஒருவர் தன் பட்டா நிலத்து வரப்பில் நின்ற தேக்கை எனக்குத் தர வேண்டுமென்றால் பட்டா, அடங்கல், விஏஓ சான்று, வனத்துறையின் போக்குவரத்து அனுமதி எல்லாம் வேண்டும். 2023 டிசம்பரில் நாடு முழுவதற்குமாக ஆன்லைன் போக்குவரத்து அனுமதி கொண்டுவந்தீர்கள், 2025 ஜூனில் விவசாய நில மரங்களுக்கு மாதிரி விதிகள் வெளியிட்டீர்கள். நிலம் எங்கே இருக்கிறது என்று இடக்குறிப்போடு போட்டோ எடுத்து ஏற்றச் சொல்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் தன் தாத்தா நட்ட மரத்தை வெட்டுகிறவரிடம் இத்தனை கேட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிற தடியிடம் “உன் மேல் வண்டு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு அனுப்புவது என்ன நியாயம்? இதனால் உள்ளூர் மரத்தைவிட வெளிநாட்டு மரம் வாங்குவது எனக்குச் சுலபமாகிவிட்டது. விவசாயியும் தேக்கு வைப்பதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்.

டீச்சர் கடைசியில் அந்தப் புளியரைத் தேக்கைத்தான் எடுத்தார். கன அடிக்குக் கொஞ்சம் கூடத்தான். விஏஓ சான்றில் சர்வே எண் இருந்ததை ஆசாரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இந்த வயக்காடு எனக்குத் தெரியும்” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

நான் கேட்பது பெரிய சட்டப் புத்தகம் இல்லை. துறைமுகத்தில் சுங்கத்துக்குப் போடுகிற இறக்குமதித் தாளான பில் ஆஃப் என்ட்ரியில் மரத்துக்கென்று சில கட்டங்கள் சேருங்கள். மரத்தின் சரியான இனம் என்ன, ‘ஆப்பிரிக்கன் தேக்கு’ மாதிரி மழுப்பல் பெயர் வேண்டாம். காடா, தோட்டமா? எந்த மாவட்டம், எந்தக் குத்தகை? வெட்ட அனுமதி கொடுத்த அதிகாரம் எது, அதன் எண் என்ன? பதில் பொய் என்று தெரிந்தால் சரக்கு பறிமுதல் என்று ஒரு வரி. தெரிந்தே திருட்டு மரம் கொண்டுவருவது இங்கேயும் குற்றம் என்று இன்னொரு வரி. போர் நடக்கிற, ராணுவம் காட்டை விற்கிற நாடு என்றால் கூடுதலாக விசாரியுங்கள்.

சுமையை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும், இதை மரவாடிக்காரனாகச் சொல்கிறேன். முதல் இறக்குமதியாளர் மேல் வையுங்கள். கப்பல் கடலில் இருக்கும்போதே இரண்டு மூன்று கை மாறுகிற வியாபாரம் இது. கடைசியில் பத்து தடி வாங்கி அறுக்கிற சின்ன மில்காரனிடம் போய் கானா காட்டின் அனுமதி எண் கேட்டால் அவன் என்ன செய்வான்? அவன் கடையைச் சாத்துவான், இல்லாவிட்டால் போலித் தாள் வாங்குவான். முதல் கையில் வாங்கிய எண் அடுத்தடுத்த பில்லிலும் ஏறி வந்தால் போதும், ஜிஎஸ்டி எண் வருவது மாதிரி.

விலை ஏறும் என்று எங்கள் சங்கத்து நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏறும். முறையாகச் செய்கிற நாடுகளின் மரத்துக்குப் பெரிதாக ஏறாது, அவர்களிடம் தாள் ஏற்கெனவே இருக்கிறது. ஏறுகிற மரம் எது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். தடியை அளக்கிற ஹோப்பஸ் கணக்கு எங்களுக்குத் தெரியும். சுற்றளவை நாலாக மடித்துப் பெருக்கினால் நூறு கன அடி மரத்தில் 21 கன அடிக்கும் சற்றுக் கூடுதலான மரம் கணக்கிலேயே வராமல் போகும். கழிவு என்று சொல்லி அதை வாங்குகிறவர் பக்கம் தள்ளிவிடுவது நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். கணக்கில் வராததை வைத்தே லாபம் பார்த்துப் பழகிய தொழில் இது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் கை வைக்கத்தான் வேண்டும். 2012இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் இன்டர்போலும் சேர்ந்து போட்ட கணக்கில், உலகத்தில் விற்கிற மரத்தில் 15 முதல் 30 சதவீதம் சட்டவிரோதமாக வெட்டியது என்றிருந்தது. அந்தக் கணக்கை என் மரவாடியில் பொருத்திப் பார்க்க எனக்கு வழியில்லை. எந்தத் தடி என்று எனக்கே தெரியாது.

சீனாவுக்கு அடுத்த நிலையில் தடி வாங்குகிற பெரிய நாடுகளில் நாமும் ஒன்று. தேக்கில் நம்மை விட்டால் ஆளில்லை. இவ்வளவு வாங்குகிற நாடு கேள்வி கேட்டால் விற்கிறவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த பலம் உங்களிடம் சும்மா கிடக்கிறது.

எனக்கு ஈக்வடார் தேக்கு ஒரு கண்டெய்னர் இந்த மாதக் கடைசியில் தூத்துக்குடிக்கு வருகிறது. கிளியரிங் ஏஜென்ட் தாள்களை நேற்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது. வண்டு இல்லையாம்.

இப்படிக்கு,
ஒரு மரவாடிக்காரர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.